4 லட்சத்துல கான்டெஸாவை மஸ்டாங் ஆக்க முடியுமா? (1.8 பெட்ரோல், தண்டையார்பேட்டை)

#1 | தண்டையார்பேட்டை_89
வண்டி இந்துஸ்தான் மோட்டார்ஸோட கான்டெஸா கிளாசிக், 1.8 பெட்ரோல், 1992 மாடல். அஞ்சு வருஷமா ஷெட்ல நிக்குது. இன்ஜினைக் கையால சுத்தினா சுத்துது, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கல. மொத்த பட்ஜெட் 4 லட்சம், அதுக்கு மேல ஒத்த ரூபா கிடையாது. ஆசை என்னன்னா 1969 ஃபோர்டு மஸ்டாங் (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்) மாதிரி மூஞ்சி, பின்னாடி சரிஞ்சு இறங்குற கூரை, ரெண்டே கதவு, பானெட் மேல ஸ்கூப் (காத்து வாங்குற மாதிரி எழும்பின மூடி), கொஞ்சம் கனமான சைலன்சர் சத்தம். மூலக்கடை பக்கம் ஒரு பட்டறைல "ஆறு மாசத்துல ஃபைபர்ல பண்ணித் தர்றோம்"னு சொல்றாங்க. எறங்கலாமா?

#2 | டிங்கர்_சுத்தியல்
கூரையையும் கதவையும் இந்த நிமிஷமே மறந்துடுங்க. அம்பாசடர் மாதிரியேதான் கான்டெஸாவுக்கும் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். கூரை, பின் கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கிற தூண், நடுத்தூண், கதவுக்குக் கீழ ஓடுற பெட்டி, தரை, எல்லாம் சேர்ந்துதான் வண்டியை முறுக்கிக்காம புடிச்சிருக்கு. நடுத்தூணை எடுத்துட்டு நீளக் கதவு போட்டா, ஸ்பீட் பிரேக்கர் ஏறுறப்ப கதவு திறக்காது, எறங்குனதும் மூடாது. மஸ்டாங்ல அது முடியுதுன்னா முதல் நாளே ரெண்டு கதவுக்குன்னு தகடு கணக்குப் போட்டு வடிவமைச்சதாலதான்.

அளவையும் பாருங்க. கான்டெஸாவோட வீல்பேஸ் 2667 மி.மீ. 69 மஸ்டாங் 108 இன்ச், அதாவது 2743. வித்தியாசம் மூணே இன்ச், "அட, கிட்டத்தட்ட ஒண்ணுதானே"ன்னு தோணும். ஆனா மஸ்டாங்ல ஆள் உட்கார்ற இடமே பின்னாடி தள்ளி இருக்கும், முன் கண்ணாடியும் பின்னாடி இருக்கும். நீங்க கண்ணாடியை நகர்த்தப் போறதில்ல. மூஞ்சியை மட்டும் மாத்தினா மாறுவேஷப் போட்டிக்கு வந்த வண்டி மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு. கான்டெஸாவோட மூலம் 1972-ல இங்கிலாந்துல வந்த வாக்ஸால் விக்டர். அப்ப வாக்ஸால் ஜெனரல் மோட்டார்ஸ் கையில இருந்தது. நீட்டு மூக்கு, அகலத் தோள், நீளமான டிக்கி, அந்த அமெரிக்கக் கோடெல்லாம் வண்டியில ஏற்கனவே இருக்கு. அதைக் கெடுக்காம வெளிய கொண்டு வந்தாலே போதும்.

#3 | பெரம்பூர்_பாசஞ்சர்
ஆறு மாசம்னு சொன்னா ஆறு பொங்கல்னு எடுத்துக்கோங்க 😀

#4 | ஆர்சி_புக்
பட்டறைக்கு ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள். 1992 வண்டி என்றால் முதல் 15 வருடப் பதிவு 2007-லேயே முடிந்துவிட்டது. அதன்பின் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். கடைசியாக எந்தத் தேதி வரை செல்லும் என்று ஆர்சியிலும் அரசின் பரிவாகன் தளத்திலும் பாருங்கள். ஹைப்பாதிகேஷன் (கடனுக்கான அடமானப் பதிவு) இன்னும் நிற்கிறதா, எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்றுதான் இருக்கிறதா, இன்ஜின் எண் பொருந்துகிறதா, இந்த மூன்றும் முக்கியம். இடையில் யாராவது டீசல் இன்ஜின் போட்டு, பிறகு பெட்ரோலுக்கே திரும்பியிருந்தால் எண் பொருந்தாது.

புதுப்பிக்கப் படிவம் 25. 2025 ஆகஸ்ட் அறிவிக்கைக்குப் பின் 20 வருடம் தாண்டிய காருக்கான கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் கையில் இருக்க வேண்டும். வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

உருவத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வருகிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சிக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. நான்கு கதவு செடான் என்று பதிவான வண்டி இரண்டு கதவாக வந்து நின்றால் ஆய்வாளர் கையெழுத்துப் போட மாட்டார். நிறத்தை மாற்றலாம், ஆனால் ஆர்சியில் ஏற்றியாக வேண்டும்.

"வின்டேஜ் பதிவு வாங்கிக்கொள்ளலாமே" என்று யாரும் வர வேண்டாம். 2021 ஜூலையில் வந்த அந்த விதி 50 வருடம் முடிந்த வண்டிக்கு மட்டும்தான். கான்டெஸா சந்தைக்கு வந்ததே 1984. முதல் வண்டிக்கே 2034 வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த விதியும் மாற்றம் செய்யாத அசல் வண்டிக்குத்தான்.

#5 | தண்டையார்பேட்டை_89
சரி, கூரையும் கதவும் போச்சு. ஆர்சி 2027 வரைக்கும் இருக்கு, நம்பர் பொருந்துது. அப்ப மூஞ்சி மட்டும் ஃபைபர்ல? காசை எப்படிப் பிரிக்கணும்னும் யாராவது சொல்லுங்க.

#6 | டிங்கர்_சுத்தியல்
முதல்ல துரு எவ்வளவுன்னு தெரியணும், அது தெரியாம பட்ஜெட் பேச முடியாது. தண்டையார்பேட்டைல அஞ்சு வருஷம்னா உப்புக்காத்து உள்ள புகுந்து வேலையை முடிச்சிருக்கும். ஒரு சின்ன காந்தம், ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச் எடுத்துக்கிட்டு இந்த இடங்களைப் பாருங்க:

கதவுக்குக் கீழ ஓடுற பெட்டி, ரெண்டு பக்கமும், முக்கியமா ஜாக்கி போடுற இடம். டிரைவர் கால் வைக்கிற தரை (மேட்டைத் தூக்கிட்டு, அடியில இருக்கிற தார் ஷீட்டையும் கொஞ்சம் கிழிச்சுப் பாருங்க). பேட்டரி தட்டு. முன் கண்ணாடியோட ரெண்டு கீழ் மூலை. பின் கண்ணாடி மூலையும் அப்படித்தான், அங்க ஒழுகுற தண்ணி டிக்கியில இறங்கி ஸ்டெப்னி குழியில தேங்கும். பின் சக்கர வளைவோட உள் விளிம்பு. கதவோட அடி மடிப்பு.

காந்தம் ஒட்டாத இடம் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுற பசை). ஒட்டுது, ஆனா ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினா பொதுக்குன்னு உள்ள போகுதுன்னா மேல ஒரு துண்டுத் தகரத்தை வச்சு மூடியிருக்காங்க, அடியில பழைய துரு அப்படியே இருக்கு. இந்த ரெண்டாவதுதான் ஆபத்து. ஸ்பிரிங்கும் சஸ்பென்ஷன் ஆர்மும் பாடியில மாட்டுற இடத்துல கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை இருந்தா 4 லட்சம் பத்தாது, வண்டியை மறந்துடுங்க.

#7 | தண்டையார்பேட்டை_89
பார்த்துட்டேன். ரெண்டு பக்கப் பெட்டியும் கீழ் பாதி காலி, இடது பக்கம் கை உள்ள போகுது. டிரைவர் தரையில ஒரு தட்டு அளவு ஓட்டை. ஸ்டெப்னி குழி சல்லடை. சஸ்பென்ஷன் மாட்டுற இடமெல்லாம் கெட்டியா இருக்கு. முன் கண்ணாடி மூலையில பெயின்ட் உப்பியிருக்கு, ஓட்டை தெரியல.

#8 | டிங்கர்_சுத்தியல்
பொழைக்கிற வண்டிதான். உப்பின இடத்துல கண்ணாடியைக் கழட்டாம தெரியாது, நிச்சயம் ஓட்டை இருக்கும்னு கணக்குல வச்சுக்கோங்க.

தகடு: தரைக்கும் ஸ்டெப்னி குழிக்கும் 20 கேஜ், பெட்டிக்கும் ஜாக்கி இடத்துக்கும் 18 கேஜ், குளிர் உருட்டுத் தகடுதான் வேணும். எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒவ்வொண்ணு போதும். 20 கேஜ் ஷீட் சுமார் 21 கிலோ, 18 கேஜ் சுமார் 28 கிலோ வரும். எடை போட்டு வாங்குங்க, குறைஞ்சா கேஜ் மெலிசு. ஜிஐ ஷீட்டை (துத்தநாகம் பூசின தகடு) வச்சு ஒட்ட விடாதீங்க. வெல்டிங் சூட்டுல துத்தநாகம் புகையா எழும்பும், ஒட்டு பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்கும், அந்தப் புகை ஆளுக்கும் காய்ச்சல் கொடுக்கும்.

வெல்டிங் சிஓடூ மிக் (வயரை ஊட்டி மின்சாரத்துல ஒட்டுறது) மட்டும்தான், 0.8 வயர். கேஸ் வெல்டிங் பண்ற பட்டறைன்னா வேற பட்டறை பாருங்க. கேஸ்ல சூடு சுத்தி ஒரு சாண் பரவும், தகடு அலை அலையா நெளியும், அந்த நெளிவை மறைக்க அரை இன்ச் பட்டி பூசுவாங்க. மிக்லயும் ஒரே இழுப்பா கோடு போடக் கூடாது. ஒரு பொட்டு இங்க, அடுத்தது ஒரு அடி தள்ளி, அப்புறம் நடுவுல, இப்படிச் சூடு ஆற விட்டு ஆற விட்டு நிரப்பணும்.

பெட்டியை வெட்டுற முறைதான் இந்த வேலையோட உயிர். நாலு ஸ்டாண்டுல வண்டியை மட்டமா நிறுத்துங்க, முன்னாடி மட்டும் ஜாக்கியில தூக்கிட்டு வெட்டினா வண்டி நடுவுல தொங்கிடும். வெட்டுறதுக்கு முன்ன கதவு திறப்புக்குக் குறுக்க ஒரு ஒரு இன்ச் சதுர பைப்பை வெல்டு பண்ணி கட்டுங்க. ஒரு பக்கத்தை முழுசா முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம். ஒவ்வொரு கட்டத்துலயும் கதவை மாட்டி இடைவெளி பாருங்க, மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கணும். கம்பெனில ஸ்பாட் வெல்டு இருந்த இடத்துக்கு, புதுத் தகட்டுல 6 மி.மீ. ஓட்டை போட்டு 25-30 மி.மீ. இடைவெளில நிரப்பி வெல்டு. ரெண்டு தகடு சேர்ற முகத்துல ஒட்டுறதுக்கு முன்ன துத்தநாக பிரைமர் அடிக்கணும், அப்புறம் அந்த இடத்துக்குக் கை எட்டாது.

பெட்டியோட அடியில தண்ணி வடிய கம்பெனியே ஓட்டை விட்டிருக்கும். புதுத் தகட்டுலயும் அதே இடத்துல போடுங்க. நிறைய பட்டறை இதை மறந்துடும், மூணே மழையில உள்ளிருந்து திரும்ப அரிக்க ஆரம்பிச்சுடும்.

#9 | ஆர்சி_புக்
ஒரு சேர்க்கை. சேசிஸ் எண் குத்தியிருக்கும் தகட்டை எக்காரணத்தைக் கொண்டும் வெட்டக் கூடாது, அரைக்கவும் கூடாது. வேலை தொடங்கும் முன் வெள்ளைத் தாள் வைத்து பென்சிலால் தேய்த்து இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுங்கள். பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் பட்டி இல்லாமல் மெல்லிய பூச்சு மட்டும். புதுப்பிக்கப் போகும்போது பென்சில் பிரின்ட் கேட்பார்கள். எண் பதியாவிட்டால் வண்டி திருட்டு வண்டி கணக்கில் போய்விடும்.

#10 | ஜீரோ_கிளியரன்ஸ்
இன்ஜின் பக்கம். அஞ்சு வருஷம் நின்னதை நேரா செல்ஃப் அடிக்காதீங்க. நாலு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் 10 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு ரெண்டு நாள் விடுங்க. அப்புறம் கிராங்க் நட்டுல ஸ்பேனர் போட்டுக் கையால நாலு சுத்து. பிளக் இல்லாமலே செல்ஃப்ல சுத்தி ஆயில் பிரஷர் லைட் அணையுதான்னு பாருங்க, அப்புறம்தான் பிளக், பெட்ரோல் எல்லாம். டேங்க்ல இருக்கிற பழைய பெட்ரோலை ஒரு சொட்டு கூட கார்பரேட்டர் வரைக்கும் போக விடாதீங்க.

ஓடினதும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம்) பாருங்க. இன்ஜின் சூடா இருக்கணும், நாலு பிளக்கும் வெளிய, ஆக்ஸிலேட்டர் முழு மிதி, ஒவ்வொண்ணும் அஞ்சாறு சுத்து. மீட்டர்ல வர்ற நம்பரை எழுதுங்க. எது குறைவோ அதுல ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப எடுங்க. ஏறினா ரிங் தேஞ்சிருக்கு, ஏறலைன்னா வால்வு. ஒண்ணுக்கொண்ணு 10-15 சதவீதத்துக்குள்ள இருந்தா இன்ஜினைப் பிரிக்காதீங்க, அந்தக் காசு தகட்டுக்குப் போகட்டும். "எதுக்கும் போரிங் (சிலிண்டரைக் கடையுறது) பண்ணிடலாம் சார்"ங்கிறது வடசென்னைல எந்த லேத்துக்குப் போனாலும் காதுல விழுற வார்த்தை.

பார்ட்ஸ் கவலை வேணாம். இந்த 1817 சிசி இசுசு இன்ஜின் (போர் 84, ஸ்ட்ரோக் 82) அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்லயும் இருந்தது. ரிங், பேரிங், பேக்கிங், வாட்டர் பம்ப் மாதிரி சாமான் அம்பாசடர் பேர் சொல்லிக் கேட்டா சீக்கிரம் கிடைக்கும், புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைங்கள்ல கேக்குறப்பவும் "அம்பாசடர் இசுசு"ன்னே கேளுங்க. சம்ப், மவுன்டிங் ரெண்டை மட்டும் பழசைக் கையில எடுத்துட்டுப் போய் பக்கத்துல வச்சுப் பார்த்து வாங்குங்க. பழைய 1.5 பிஎம்சி இன்ஜின் (ஆரம்ப கால கான்டெஸால வந்தது) வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: அதுல எக்ஸாஸ்ட் வால்வு சீட் ஹெட் இரும்புலயே கடைஞ்சது, ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செஞ்சது. 2000-லயே அந்தப் பெட்ரோல் நின்னுபோச்சு. ஹெட்டைக் கழட்டினா கெட்டி சீட் அடிச்சுடுங்க.

#11 | பெரம்பூர்_பாசஞ்சர்
இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஊத்துனா கார்பரேட்டர் வண்டி செத்துடும்னு சொல்றாங்களே, நிஜமா?

#12 | ஜீரோ_கிளியரன்ஸ்
சாகாது, ஆனா ரப்பர் சாகும். பழைய பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃபிரம், கார்பரேட்டர் கிட்ல இருக்கிற ஓ-ரிங் எல்லாம் எத்தனால்ல உப்பி, அப்புறம் காஞ்சு வெடிக்கும். சூடான இன்ஜின் மேல சொட்டினா தீ. ஹோஸ் அத்தனையும் மாத்துங்க. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 அச்சடிச்ச ஹோஸ் வாங்குங்க, மீட்டர் கணக்குல கிடைக்கும், மூணு மீட்டர் போதும். கிளிப் எல்லாம் புதுசு.

ரெண்டாவது, எத்தனால்ல ஆக்ஸிஜன் இருக்கிறதால பெட்ரோல்-காத்துக் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் கம்மி, காத்து அதிகம். சுத்தப் பெட்ரோலுக்குக் காத்து 14.7 பங்கு வேணும்னா இ20-க்கு பதிமூன்றரைக்குக் கிட்டதான். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெருசாக்கி, பிளக் நிறம் பாருங்க. வெள்ளையா இருந்தா லீன், பிஸ்கட் நிறம்னா சரி. மூணாவது, வண்டி ரெண்டு மாசம் நிக்கப் போகுதுன்னா டேங்க்கை முழுசா நிரப்பிட்டு நிறுத்துங்க. காலி இடம் இருந்தா நம்ம கடலோர ஈரக்காத்து உள்ள போய், தண்ணி எத்தனாலோட சேர்ந்து அடியில பிரிஞ்சு நிக்கும். டேங்க் அடி அரிக்கிறது அங்கதான் ஆரம்பம்.

கூலிங்ல பாதிப்பேர் செய்ற தப்பு தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியுறது. எறிஞ்சா இன்ஜின் எப்பவும் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் குடிக்கும், போர் சீக்கிரம் தேயும். சூடு ஏறினா காரணம் ரேடியேட்டர் அடைப்பு, பெல்ட் தளர்ச்சி, இல்லைன்னா ஃபேன் சுத்தி இருக்கிற மூடி காணோம். போர்வெல் தண்ணி ஊத்தவே கூடாது. மீஞ்சூர்லேருந்து திருவொற்றியூர் வரைக்கும் நிலத்தடித் தண்ணியில கடல் ஏறிக் கிடக்கு, ரேடியேட்டர் உள்ள உப்புப் பொருக்கா படிஞ்சுடும். டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலன்ட் பாதி.

#13 | தண்டையார்பேட்டை_89
ஜீரோ அண்ணா, நன்றி. ரெண்டு கேள்வி. ஒண்ணு, வேற கார் இன்ஜின், 2.5 டீசல் மாதிரி எறக்கலாமா? ரெண்டு, ஃபைபர் மூஞ்சி பத்தி யாருமே பதில் சொல்லல.

#14 | ஆர்சி_புக்
முதல் கேள்விக்கு: முன் அனுமதி இல்லாமல் வேறு வகை இன்ஜின் போட்டால் 2027-இல் புதுப்பிக்க முடியாது. இன்சூரன்ஸ் நிறுவனமும் விபத்தில் கையை விரிக்கும். 4 லட்சத்துக்குள் அந்த வேலையைச் சட்டப்படி முடிக்க வழியில்லை.

#15 | காசிமேடு_ஃபைபர்
ஃபைபர் என் பக்கம் விடுங்க. முழு மூஞ்சி வேணாம், ஸ்கூப் மட்டும் போடுங்க. ஏன்னா இரும்பும் ஃபைபரும் வெயில்ல ஒரே மாதிரி விரியாது. ரெண்டும் சேர்ற இடத்துல பட்டி போட்டு மறைச்சா, அடுத்த சித்திரையில அந்தக் கோடு அப்படியே வெடிச்சுத் தெரியும். ஸ்கூப்ன்னா விளிம்போட தனியா நிக்கும், போல்ட்டுல மாட்டலாம், எஃப்சிக்கு (தகுதிச் சான்று) போகும்போது கழட்டிடலாம்.

60 செ.மீ. க்கு 40 செ.மீ. ஸ்கூப்புக்குக் கணக்கு: 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அவ்வளவு எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு), மூணு அடுக்கு, வெட்டுத்துண்டு சேதாரத்தோட 400 கிராம் மேட். ஜிபி (சாதா ரக) ரெசின் 1 கிலோ. வினையூக்கி, நம்ம ஆளுங்க ஹார்டனர்னு சொல்றது, 1 சதவீதம், அதாவது 10 மில்லி. மே மாச மதியத்துல அதே 1 சதவீதம் போட்டா பத்து நிமிஷத்துல கிண்ணத்துலயே கல்லாயிடும், காலைல ஆறு ஏழு மணிக்கு வேலையை வச்சுக்கோங்க. 250 கிராம் 250 கிராமா கலந்து அடிங்க. மொத்தமும் மூணு மி.மீ. க்குள்ள இருக்கணும், தடிமன் கூடினா உள்சூடு ஏறி வளையும்.

இதைக் கவனமா படிங்க: கோபால்ட்டையும் (ரெசினைச் சீக்கிரம் இறுக வைக்கிற திரவம்) ஹார்டனரையும் ஒரே நேரத்துல, ஒரே கப்புல ஊத்தாதீங்க. ரெண்டும் நேரா சேர்ந்தா வெடிக்கும். முதல்ல ரெசின்ல கோபால்ட் கலந்து நல்லா கிளறி முடிச்சுட்டு, அப்புறம்தான் ஹார்டனர். இப்பல்லாம் கோபால்ட் கலந்தே ரெசின் வருது, கடைல கேட்டு அதையே வாங்கிடுங்க.

நைனியப்ப நாயக்கன் தெருவுல கெமிக்கல் கடைங்க இருக்கு, ஒரு கிலோ ரெசினும் தர்றாங்க. கையால அடிக்க ஆள் வேணும்னா, துறைமுகத்துல ஃபைபர் படகு ஒட்டுறவங்க கார் பட்டறையை விட நல்லா அடிப்பாங்க, காத்துக் குமிழ் விடாம ரோலர் ஓட்டுறது அவங்க கைப்பழக்கம். ஆனா அவங்க தடிமனுக்குப் பழகினவங்க. நீங்க நிறுத்தலைன்னா ஆறு அடுக்கு வச்சுடுவாங்க, படகுதானேன்னு.

அச்சுக்கு: ஸ்கூப் வடிவத்தை தெர்மோகோல்ல செதுக்கி, மேல பேக்கிங் டேப் முழுசா சுத்தி, மெழுகு மூணு தடவை. டேப் இல்லாத இடத்துல ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைச்சுக் குழியாக்கிடும்.

#16 | பத்தாம்நம்பர்_ஸ்பேனர்
பிரேக்கைப் பத்தி ஒருத்தரும் பேசல. நின்ன வண்டியில முதல் செலவு அதுதான். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், மூணு ரப்பர் ஹோஸ், யோசிக்காம மாத்துங்க. இரும்பு பிரேக் பைப் வெளிய நல்லா தெரியும், பாடியில கிளிப் பிடிச்ச இடத்துல அடியில அரிச்சிருக்கும். சுரண்டினா பொத்துப் போகும். மாத்துறதுன்னா 4.75 மி.மீ. செம்பு-நிக்கல் கலந்த பைப், சுமார் எட்டு மீட்டர், டபுள் ஃப்ளேர் (முனையை ரெட்டை மடிப்பா விரிக்கிறது). ஏசி கடைல கிடைக்கிற சுத்தச் செம்பு பைப்பை மட்டும் போடாதீங்க. அதிர்வுல நாள்பட நாள்பட செம்பு கெட்டியாகி ஃப்ளேர்ல கீறல் விடும். பிரேக் போறப்ப சொல்லிட்டுப் போகாது.

சஸ்பென்ஷன் ஆர்ம்ல இருக்கிற ரப்பர் புஷ் மாத்துறவங்க பண்ற தப்பு: வண்டி ஜாக்கியில தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுசா முறுக்கிடுவாங்க. கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், ஆறு மாசத்துல கிழியும், வண்டி ஒரு பக்கம் தூக்கலாவும் நிக்கும். போல்ட்டைக் கையிறுக்கமா விட்டு, சக்கரம் தரையில, டிரைவர் சீட்ல ஆள் உட்கார்ந்து, ரெண்டு தடவை முன்னாடி பின்னாடி உருட்டிட்டு அப்புறம் முறுக்குங்க. பின் ஆக்ஸிலைக் குறுக்க பிடிக்கிற கம்பி புஷ்ஷையும் விட்டுடாதீங்க, அது தேஞ்சா திரும்பும்போது வண்டி பின்பக்கம் தனியா நடக்கும்.

ஹெட்லைட்டுக்கு ரிலே ரெண்டு, 2.5 சதுர மி.மீ. வயர், 15 ஆம்ப் ஃபியூஸ். ஹை பீம் ரெண்டும் சேர்ந்து 10 ஆம்ப், அதெல்லாம் முப்பது வருஷம் பழைய சுவிட்ச் வழியா போனா சுவிட்ச் உருகும், வெளிச்சமும் மங்கும். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் பட்டையைப் புதுசா போடுங்க. ஸ்டார்ட் ஆகாத பாதி வண்டிக்குக் காரணம் அந்தப் பட்டைதான்.

இன்னொண்ணு, கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்துல மழைல ஒரு தடவை இறக்கிட்டீங்கன்னா, பின் ஆக்ஸில் ஆயிலை உடனே வடிச்சுப் பாருங்க. சூடா இருக்கிற ஆக்ஸில் தண்ணியில இறங்கினதும் குளிர்ந்து உள்காத்து சுருங்கும், மேல இருக்கிற மூச்சுக்குழாய் வழியா தண்ணியை உறிஞ்சிடும். ஆயில் பால் நிறத்துல வந்தா அதான்.

#17 | பிரைமர்_அக்கா
பெயின்ட் பத்திச் சொல்லிடுறேன் தம்பி. வேலையை மாசிக்குள்ள முடிக்கிற மாதிரி திட்டம் போடுங்க. ஐப்பசி, கார்த்திகையில பூத் இல்லாத பட்டறையில பெயின்ட் அடிக்கவே கூடாது. ஈரக்காத்துல தின்னர் ஆவியாகிறப்ப தகடு குளிர்ந்து, காத்துல இருக்கிற தண்ணி பெயின்ட் மேல பனியா படியும், வெள்ளை பூத்துப் போகும்.

துரு சுரண்டின தகட்டை ஒரு ராத்திரி வெறுமனே விட்டா, காசிமேட்டுக் காத்துல காலைல மஞ்சள் பூத்திருக்கும். சுரண்டின அன்னிக்கே எபாக்சி பிரைமர். அதுக்கு மேல பட்டி, மூணு மி.மீ.க்கு மிகாம. பட்டியை வெறும் தகட்டுல பூசிட்டு மேல பிரைமர் அடிக்கிறது நம்ம ஊர்ப் பழக்கம். பட்டி பஞ்சு மாதிரி ஈரம் குடிக்கும், அதனால அடியில எபாக்சி இருந்தாதான் தகடு பொழைக்கும்.

முழு வண்டிக்கு, கலந்து முடிச்ச அளவுல: எபாக்சி 2 லிட்டர், சர்ஃபேசர் (கலருக்கு முன்ன மட்டம் பண்ண அடிக்கிற பூச்சு) 3 லிட்டர், கலர் 3-4, கிளியர் 3. சர்ஃபேசருக்கு கன் நாசில் 1.7, கலருக்கும் கிளியருக்கும் 1.3. தேய்ப்பு பட்டிக்கு 80, அப்புறம் 180, 320. சர்ஃபேசருக்கு மேல சாலிட் கலர்னா தண்ணி விட்டு 400-600, மெட்டாலிக்னா 800. கம்ப்ரஸரை மதியத்துக்கு ஒரு தடவை வடிச்சு விடுங்க, பைப்ல வாட்டர் டிராப் இல்லைன்னா பெயின்ட்ல மீன்கண்ணு மாதிரி குழி விழும்.

டூ-கே பியூ பெயின்ட்டோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. கர்ச்சீப் கட்டிக்கிட்டு அடிக்கிற பசங்களைப் பார்த்தா பதறும். கரி ஃபில்டர் மாஸ்க்காவது வாங்கிக் கொடுங்க. ஆஸ்துமா வந்தா திரும்பப் போகாது.

நிறம்? மஸ்டாங் ஆசைக்கு ஒரு வழி சொல்றேன். அடர் பச்சையோ கருநீலமோ சாலிட் கலர், பானெட்லேருந்து டிக்கி வரைக்கும் ஒரு ஜோடிக் கோடு. ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, ரெண்டு வெயில்ல சுருங்கும். கையால கோடு இழுக்கிற ஆளை வச்சு அடிங்க. திருவொற்றியூர் என்ஃபீல்ட் டேங்க்ல கையால கோடு இழுத்த ஊரு இது.

#18 | தண்டையார்பேட்டை_89
சரி, மூஞ்சியை விட்டுட்டேன். ஸ்கூப், கோடு, நல்ல வீல், அவ்வளவுதான். இப்ப பட்ஜெட்?

#19 | டிங்கர்_சுத்தியல்
உங்க வண்டி நிலைமைக்கு என் கணக்கு: டிங்கரிங், தகடு 1,20,000. பிரேக், புஷ், டயர் 75,000. இன்ஜின், ரேடியேட்டர், பெட்ரோல் லைன் 60,000, கம்ப்ரஷன் நல்லா இருந்தா மட்டும். பெயின்ட் 70,000. வயரிங், பீடிங் (கண்ணாடி, கதவு ஓர ரப்பர்) 25,000. ஆர்சி, இன்சூரன்ஸ் 15,000. மிச்சம் 35,000 தொடவே கூடாது, முன் கண்ணாடி மூலைக்கு அது தேவைப்படும். கம்ப்ரஷன் மோசம்னா பெயின்ட்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்க. எபாக்சியும் சர்ஃபேசரும் போட்டு மினுப்பு இல்லாமலே ஓட்டலாம், மேல ஒரு கை சாதா கலரைத் தட்டி விடுங்க, சர்ஃபேசர் ஈரம் இழுக்கும்.

பட்டறைக்கு மொத்தமா பேசாதீங்க. தகடு, வெல்டிங், பட்டி, பெயின்ட் தனித்தனியா பேசி, ஒவ்வொரு கட்டமும் மூடுறதுக்கு முன்ன நேர்ல பார்த்துட்டுக் காசு கொடுங்க. பெட்டியை மூடுற அன்னிக்கு நீங்க அங்க இருக்கணும்.

#20 | பத்தாம்நம்பர்_ஸ்பேனர்
டயர் விளிம்புல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டினது எவ்வளவு மினுக்கினாலும் வேணாம். அலாய் வாங்குறதுன்னா வண்டியிலேருந்து ஒரு வீலைக் கழட்டி கடைக்குக் கொண்டுபோங்க, போல்ட் இடைவெளி வாய்ச்சொல்லால வாங்குற சமாச்சாரம் இல்ல. வெளிவிட்டம் பழைய டயரை விட 3 சதவீதத்துக்கு மேல மாறினா ஸ்பீடோ பொய் சொல்லும், சக்கரம் வளைவுல உரசும்.

#21 | தண்டையார்பேட்டை_89
கடைசி கேள்வி. வேலை முடிஞ்சதும் அடியில தார் கோட்டிங் அடிச்சுடலாமா? பட்டறைக்காரர் இலவசமா அடிச்சுத் தர்றேன்கிறார்.

#22 | டிங்கர்_சுத்தியல்
இலவசமா அடிக்கிறதுக்குக் காரணம் இருக்கு, அடியில வெல்டு எப்படின்னு அப்புறம் யாரும் பார்க்க முடியாது. முதல்ல படம் எடுத்துட்டு, எபாக்சி காஞ்ச பிறகு, சக்கர வளைவுல மட்டும் மெலிசா அடிங்க. மிச்ச இடத்துக்கு எபாக்சி மேல ஒரு கை கலர் போதும், ஒரு கீறல் விழுந்தா கண்ணுக்குத் தெரியும். தார் மேல விரிசல் விட்டா தண்ணி உள்ள புகுந்து வெளிய வராது. பெட்டி உள்ளுக்குக் கேவிட்டி வேக்ஸ், ஒரு பக்கத்துக்கு அரை லிட்டர், நீள டியூப்பை வடிகால் ஓட்டை வழியா விட்டு பின்னாடி இழுத்துக்கிட்டே அடிங்க. அடிச்சு முடிஞ்சதும் ஓட்டையைக் குச்சியால குத்தி விடுங்க, மெழுகு அடைச்சிருக்கும்.